வெளுத்த ஆறு

பொண்ணு பார்க்கப் போன இடத்திலிருந்து மகுடேஸ்வரன் எப்போதும் வெறுங்கையோடுதான் திரும்புவான். அந்த ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மட்டும் தாராபுரத்திலிருந்து ஒரு பழைய டிவி கேம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினான். பெட்டிக்கு அடிபடாமல் இருக்க, காரில் எப்போதும் கிடக்கும் பனியன் துணியைச் சுற்றியிருந்தான். பார்ப்பதற்குக் கைக்குழந்தையைத் தூக்கி வருவது போல இருந்தது.

"பொண்ணு பாக்கப் போயிப் பொட்டி தூக்கிட்டு வர்றவன இப்பத்தேன் பாக்கறேன்" என்றாள் பின்சீட்டிலிருந்து அம்மா சுப்பாத்தாள். "ஏஞ்சாமி, உனக்குப் பொண்ணு புடிச்சுதா, பொட்டி புடிச்சுதா?"

"ரெண்டும் ஒரே ஊட்டுலதானம்மா இருந்துச்சு."

"பொட்டியக் குடுத்துட்டாங்க. பொண்ணத்தேன் குடுப்பாங்களான்னு தெரியல" என்று அம்மா பெருமூச்சு விட்டு, ஜன்னலுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்த காற்றாலைகளைப் பார்க்கத் தொடங்கினாள்.

அம்மாவின் பெருமூச்சில் நியாயம் இருந்தது. மகுடேஸ்வரனுக்கு வயது முப்பத்துநான்கு. திருப்பூரில் காங்கேயம் ரோட்டில் சின்னதாக ஒரு பிளீச்சிங் யூனிட் வைத்திருந்தான். மில்லிலிருந்து டீத்தண்ணீர் நிறத்தில் வருகிற பனியன் துணியைப் பாலாக வெளுத்து அனுப்புவது அவன் தொழில். விரல் நுனிகள் எந்நேரமும் ஊறிப்போய் வெளிறியிருக்கும். சட்டையில் என்ன சென்ட் அடித்தாலும் அடியில் ஒரு மருந்து நெடி இருக்கும். தலைமுடி வேறு முன்னாலிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்தது. இதையெல்லாம்கூடப் பெண் வீட்டார் பொறுத்திருப்பார்கள். அவன் வாயைத்தான் பொறுக்க முடியவில்லை. பதற்றம் வந்தால் அவனுக்கு வேடிக்கைப் பேச்சு வரும். குன்னத்தூரில் ஒரு பெண்ணின் மாமா, "மாப்ளைக்கு என்ன தொழிலுங்க?" என்று மரியாதையாகக் கேட்டதற்கு, "ஊரார் அழுக்கத் தொவைக்கறேனுங்க" என்று சொல்லிவைத்தான். மாமா பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

தாராபுரத்திலும் அப்படித்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டுதான் போனான். பெண் தரணி, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் அப்பா ஆத்தப்பன் உரக்கடை வைத்திருந்தார். காப்பி வந்தது, பலகாரம் வந்தது, "பொண்ணும் பையனும் கொஞ்ச நேரம் பேசட்டுங்க" என்று இருவரையும் பக்கத்து அறையில் விட்டுக் கதவைப் பாதி திறந்தே வைத்தார்கள். மகுடேஸ்வரன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தலைக்கு மேலே சாமான் அடுக்கியிருந்த அட்டாலியைப் பார்த்தான். அங்கே மஞ்சளேறிய பழைய தேங்காய்ப் பருப்பு நிறத்தில் ஒரு பெட்டி இருந்தது. முன்பக்கம் மரம் போல ஒரு பட்டை. அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் குட்டையான கறுப்புக் கைப்பிடி, அதில் ஒரு சிவப்புப் பொத்தான்.

"அது என்னங்க மேல, ரேடியோங்களா?"

"டிவி கேமுங்க. நான் நாலாவது படிக்கறப்ப சித்தப்பா சிங்கப்பூருல இருந்து கொண்டுவந்தது. ஒரே ஒரு கேசட்டுதான். ஒரு படகு, ஒரு ஆறு. ஆறு மேல இருந்து கீழ வந்துட்டே இருக்கும். திட்டு, மரக்கட்டை, முதலை எதுலயும் முட்டாம ஓட்டோணும். ஊட்டுல எல்லாருக்கும் ஒரு வாரத்துல சலிச்சுப்போச்சு."

"உங்களுக்கு?"

"எனக்கு அந்த ஆறு எங்க போயி முடியுதுன்னு பாக்கோணும்னு இருந்துச்சுங்க." அவள் இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தாள். "ஒரு நாள் மத்தியானம் ரொம்பத் தூரம் போயிட்டேன். அதுவரைக்கும் பச்சையா இருந்த கரை நெறம் மாற ஆரம்பிச்சுது. ஊதாவாச்சு. அப்புறம் பேரு சொல்லத் தெரியாத ஒரு நெறம். அப்பப் பாத்துக் கரண்ட் போயிருச்சு. கரண்ட் வந்ததுக்கு அப்புறம் இது ஓடவே இல்லீங்க. இந்த ஊருல எல்லா மெக்கானிக்கும் பாத்துட்டாங்க."

"எங்கூருல சாயத்தண்ணி கலந்து ஆறே நெறம் மாறுமுங்க. அதப் பாக்க கேமெல்லாம் வேண்டாம், பாலத்து மேல போயி நின்னாப் போதும்."

வாய் சொல்லிவிட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மாமா யாராவது எழுந்து போகிற சத்தம் கேட்கும் என்று காத்திருந்தான். கேட்டது சிரிப்புச் சத்தம். கண்ணைத் திறந்தான். தரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவனுடைய அத்தனை வருடத்துப் பொண்ணு பார்க்கும் வரலாற்றில் முதல்முறையாக.

"அதுக்கப்புறம் என்னங்க வந்திருக்கும்? அந்த நெறத்துக்கு அப்புறம்?" என்றான். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அவள் சிரிப்பை நிறுத்தி அவனைப் பார்த்தாள். "அதேன் தெரியிலீங்க. இத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"நான் சரி பண்ணித் தர்றேனுங்க."

இதையும் வாய்தான் சொன்னது. தன் வீட்டில் ட்யூப்லைட் மினுக்கினாலே ஆள் அனுப்பி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறவன் அவன்.

புறப்படும்போது ஆத்தப்பன் கைகூப்பினார். "நாளன்னைக்கு ஆடி பொறக்குதுங்க. ஆடில எதும் பேச வேண்டாம். பெங்களூர்ல இருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி மாப்ளையும் ஆவணில வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க. பாத்துட்டு, கலந்துட்டுச் சொல்லியனுப்பறோமுங்க."

ஆடியில் அந்தப் பக்கத்தில் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். தரகரின் செல்போன்கூட அணைந்து கிடக்கும். மாதம் முழுக்க எல்லாரும் ஒரு வார்த்தையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு சும்மா இருப்பார்கள். ஆனால் ரிப்பேர் வேலை பார்க்கக் கூடாது என்று எந்த வழக்கமும் இல்லை. வேலை எப்படிப் போகிறது என்று கேட்க போன் நம்பர் வேண்டும், அதுவும் நியாயம்தான். தரணி வாசலில் நின்றுகொண்டு, எல்லார் காதிலும் விழும்படியே நம்பரைச் சொன்னாள்.

*

ஆடிக் காற்று திருப்பூருக்குள் புகுந்தால் ஊர் முழுக்கப் பஞ்சு பறக்கும். டீக்கடைப் பால் சட்டியில் விழும், பஸ்ஸில் தூங்குகிறவர்கள் புருவத்தில் உட்காரும். அந்த வருஷம் கரண்டும் அப்படித்தான், நினைத்தால் வந்தது, நினைத்தால் போனது. வாரத்தில் ஒரு நாள் கம்பெனிகளுக்குக் கரண்டே கிடையாது என்று அறிவித்திருந்தார்கள். அந்த நாளில் மெஷின் சத்தம் அடங்கி, ஊருக்குக் காது அடைத்துக்கொண்டது போலாகிவிடும். தெருவில் நடப்பவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

அப்படியொரு நாளில் யூனிட் மெக்கானிக் சகாயராஜ் டேபிளைத் துடைத்துவிட்டு பெட்டியைத் திறந்தான். சகாயராஜுக்குச் சாத்தான்குளம் பக்கம். முதலாளியோடு சேர்ந்து டீ குடிக்கிற, முதலாளியைக் கிண்டலும் பண்ணுகிற உரிமையை அவன் எப்போதோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"மொதலாளி, உள்ள ஒரு ஊரே குடியிருந்துருக்கு, பாத்தியளா?" உள்ளே எறும்புப் புற்று. வெள்ளை முட்டைகள், காய்ந்த மண், ஒரு பல்லியின் எலும்புக்கூடு.

"காலி பண்ணச் சொல்லு. நோட்டீஸ் குடுக்காமப் பண்ணாத, கேஸ் போட்டுருவாங்க."

"இதுக்கு நீங்க ஒரு புது கேம் வாங்கிக் குடுத்துரலாம்லா? இப்பம்லாம் மனுசன் மாதிரியே ஓடுதான், சுடுதான்."

"அதுல இந்த ஆறு இருக்காது சகாயம்."

சகாயராஜ் அவனை ஒரு தினுசாகப் பார்த்தான். "சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு பிரஷ்ஷை எடுத்தான்.

பவர் வருகிற இடத்தில் ஒரு கன்டென்சர் உப்பி வெடித்திருந்தது. அதை மாற்றினான். துருப்பிடித்த சுவிட்சைப் பெட்ரோலில் கழுவினான். அறுந்த வயரை ஒட்டினான். மகுடேஸ்வரனின் பங்கு, பக்கத்தில் நின்று டார்ச் அடிப்பது. அதையும் சரியாகச் செய்யவில்லை, வெளிச்சம் அடிக்கடி சுவருக்குப் போய்விடும். அவன் மனது தாராபுரத்தில் இருந்தது.

சாயங்காலங்களில் அவளுக்குப் போன் செய்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்த சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வது போலத்தான் பேச்சு தொடங்கும். "இன்னிக்கு எறும்பெல்லாம் எடுத்தாச்சுங்க, நல்லா மூச்சு உடுது." அவள் சிரிப்பாள். பிறகு ஆற்றைப் பற்றிச் சொல்வாள். முதல் பாலம் தாண்டினால் இரட்டைத் திட்டு வரும், இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். அதற்கப்புறம் ஆறு குறுகும், கரை இரண்டும் கைகூப்புவது போல நெருங்கி வரும், மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடந்துவிட்டால் திடீரென்று அகலமாகும். அங்கே ஒன்றுமே இருக்காது. தண்ணீர் மட்டும்தான்.

"அந்த எடம்தாங்க எனக்குப் பிடிக்கும். பள்ளிக்கூடத்துல பரீட்சைப் பேப்பர் திருத்தறப்ப நடுவுல அங்க போயிட்டு வந்துருவேன்."

மகுடேஸ்வரனும் போய்வரத் தொடங்கினான். யூனிட்டில் துணி உருளையில் ஏறி, நீளநீளமாக நனைந்து இறங்கிக்கொண்டிருக்கும். ஆவி எழும். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பான். வெள்ளைத் துணி ஆறாகும். ஒரு சின்னப் படகு ஆவிக்குள் நுழைந்து காணாமல் போகும். ஓட்டுவது யார் என்று அவனுக்குத் தெரியும். "மொதலாளி, டைம் ஆச்சு, இறக்கவா?" என்று ஆள் கத்தும்போதுதான் திரும்பி வருவான். அந்த ஆடியில் அவன் யூனிட்டிலிருந்து போன துணிகள் வழக்கத்தைவிட வெள்ளையாகவே போயின. துணி கொடுத்த பார்ட்டிகள் போன் போட்டுப் பாராட்டினார்கள். நேரம் போனது தெரியாமல் நின்றதன் பலன் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வாட்ச்மேன் ரூமில், சேனலை விரலால் திருகி மாற்றுகிற பழைய டிவி ஒன்று இருந்தது. அதில்தான் மாட்டிப் பார்த்தார்கள். முதலில் திரை முழுக்கப் புள்ளி பறந்தது. சகாயராஜ் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினான். ஒரு இடத்தில் பஞ்சு விலகியது. நீல ஆறு. பச்சைக் கரை. நடுவில் வெள்ளைப் படகு, டுர்ர்ரென்று ஒரே மூச்சாகச் சத்தம் போட்டுக்கொண்டு நின்றது.

மகுடேஸ்வரன் போனை எடுத்துத் தரணியைக் கூப்பிட்டு, பேசாமல் டிவிக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"அதே சத்தந்தாங்க" என்றாள் அவள். பிறகு அவசரமாக, "நீங்க எச்சாத் தூரம் போயிராதீங்க. நான் பாக்காம நீங்க பாத்துரக் கூடாது."

"கவலையே படாதீங்க. மொதத் திட்டுலயே முட்டிச் சாவறேன். சகாயராஜு கணக்கு எண்ணறத உட்டுட்டான்."

அன்றைக்கே பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இந்தக் கதை நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் பிளீச்சிங்காரன் கண்ணுக்கு மஞ்சள் என்பது குற்றம். உள்ளே எல்லாம் சரியாகிவிட்டது, வெளியே இன்னும் பழைய தேங்காய்ப் பருப்பு. சிங்கப்பூரிலிருந்து வந்தபோது பால் வெள்ளையாக இருந்ததாக அவளே சொல்லியிருந்தாள். அவன் வேறு எதில் உதவாவிட்டாலும் இதில் உதவுவான். மஞ்சளை வெள்ளையாக்குவதில் அவன் ராஜா.

சகாயராஜ் பெட்டியைக் கழற்றி, மரப்பட்டையை உரித்து, வெறும் பிளாஸ்டிக் மேலோட்டை மட்டும் தனியாகக் கொடுத்தான். மகுடேஸ்வரன் மொட்டை மாடியில் ஒரு டப்பில் பெராக்சைடும் காஸ்டிக்கும் கொஞ்சம் சோப்பு எண்ணெயும் கலந்தான். பிளாஸ்டிக்குக் கொதிநீர் ஆகாது, வெயிலே போதும் என்று அவனாகவே யோசித்துக் கண்டுபிடித்தான். அதில் அவனுக்கு ஏகப் பெருமை. மேலோட்டை உள்ளே இறக்கினான். சின்னச் சின்னக் குமிழ்கள் எழுந்தன.

அப்போது பக்கத்தில் கிடந்த கேசட் கண்ணில் பட்டது. அதுவும் அதே மஞ்சள்.

பனியன் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. உடம்புத் துணியும் காலர்த் துணியும் ஒரே லாட்டில், ஒரே தொட்டியில் போக வேண்டும். தனித்தனியாகப் போட்டால் நிறம் ஒட்டாது. உடம்பு ஒரு வெள்ளை, காலர் ஒரு வெள்ளை என்று நிற்கும். பார்ட்டி லாரியோடு திருப்பி அனுப்பிவிடுவான். மகுடேஸ்வரனின் கைக்கு இது மூளையைக் கேட்காமல் தெரியும். பெட்டி ஒரு வெள்ளையாகவும் கேசட் ஒரு வெள்ளையாகவும் தரணியின் கையில் போய்ச் சேருவதா? கேசட்டை எடுத்தான். டப்பில் போட்டான். மூழ்கும்படி ஒரு தட்டுத் தட்டியும் விட்டான்.

பிறகு தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சாய்ந்து உட்கார்ந்து, குமிழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். காற்று அடித்தது. பஞ்சு பறந்தது. அவனும் தரணியும் ஒரு படகில் போய்க்கொண்டிருந்தார்கள். கரை ஊதாவாக மாறியது. அவள் கையை நீட்டி எதையோ காட்டினாள்.

*

"மொதலாளி, கேசட்ட எங்க வச்சிய?"

பொழுது சாயும் நேரம். சகாயராஜ் மாடிக்கு வந்திருந்தான். மகுடேஸ்வரன் டப்பைக் காட்டினான்.

சகாயராஜ் டப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையை விட்டு, கேசட்டை எடுத்தான். படகுப் படம் போட்ட லேபிள் கரைந்து காணாமல் போயிருந்தது. உள்ளேயிருந்து பச்சைத் தண்ணீர் ஒழுகியது.

"ஏன் மொதலாளி? ஏன்?"

"ஒரே லாட்டாப் போகோணும்ல..." பாதி வாக்கியத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆறு பெட்டியில் இல்லை, கேசட்டில் இருந்தது. அவன் ஆற்றை வெளுத்துவிட்டான்.

மேலோடு மட்டும் அப்படியொரு வெள்ளை. புதுப் பல் மாதிரி மின்னியது. அதைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

சகாயராஜ் கேசட்டைப் பிளந்து, காயவைத்து, அரித்துப்போன செம்புக் கோடுகளுக்குப் பதிலாக முடி போன்ற வயர்களை ஒட்டினான். அதற்குள் மகுடேஸ்வரன் கோயமுத்தூரில் கேட்டான், சென்னை பர்மா பஜாரில் ஆள் விட்டுக் கேட்டான். அப்படியொரு கேசட்டை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஒட்டிய கேசட்டை மாட்டினார்கள். திரையில் என்னமோ வந்தது, ஆறு என்று சொல்ல முடியாது. சகாயராஜ் அணைத்துவிட்டான்.

"பழசு மொதலாளி. தன்னால செத்துப்போச்சுன்னு சொல்லிருங்க. யாருக்குத் தெரியப் போவுது? வெளிய பாத்தா புதுசுல்லா."

மகுடேஸ்வரன் டிவியிலிருந்து வயரைக் கழற்றினான். அப்படிச் சொல்லிவிடலாம்தான். அவளும் நம்புவாள். ஆனால் தினமும் சாயங்காலம் அந்த அகலமான இடத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனவள் அவள்.

அவள் போன் வந்தது. எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் ஒரு மெசேஜ் வந்தது: "ஆறு வத்திப்போச்சுங்களா?"

அவன் அதை மூன்று முறை படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

*

ஆடி பதினெட்டு அன்று காலையில் அவன் பெட்டியைக் காரில் ஏற்றினான். அம்மா ஓடி வந்தாள்.

"ஆடில பொண்ணு ஊட்டுக்குப் போறதா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"பொண்ணு ஊட்டுக்குப் போகலம்மா. ரிப்பேர் சாமான் டெலிவரி."

அவன் முகத்தைப் பார்த்தாள். "அப்ப நான் லோடுமேனா வர்றேன்" என்று சேலையை மாற்றாமலே ஏறி உட்கார்ந்தாள்.

தாராபுரத்தில் ஊரே அமராவதிக் கரைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. ஈரச் சேலையும் தூக்குப் போசியுமாகப் பெண்கள். ஆத்தப்பன் வாசலில் இவர்களைக் கண்டதும் ஒரு கணம் திகைத்தார். ஆனால் வந்தவரை எதற்கு வந்தீர்கள் என்று கேட்பது அந்தப் பக்கத்து வழக்கமில்லை. "வாங்க வாங்க, உக்காருங்க, நோம்பிச் சோறு இருக்குது, சாப்புட்டுத்தேன் போகோணும்" என்றார்.

பெட்டியைத் தனியாகத் தரணியிடம் கொடுத்து, தனியாகச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தான். ஆடியில் தனிப் பேச்சு ஏது? கூடத்தில் அத்தனை சொந்தமும் உட்கார்ந்திருந்தது. ஆத்தப்பன் பனியன் துணியை விலக்கினார்.

"அட! கடையில இருந்து இப்பத்தேன் எடுத்தாப்புல இருக்குதுங்க!"

"கெட்டிக்கார மாப்ளதான்" என்றது ஒரு பெரியம்மா, ஆடியை மறந்து. பக்கத்திலிருந்தவள் இடித்ததும் வாயை மூடிக்கொண்டது.

தரணி ஈரக்காலோடு வாசல்படியில் நின்றிருந்தாள். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. "ஏனுங்க போன் எடுக்கல?" என்றாள், தணிந்த குரலில்.

அந்தப் பாராட்டையெல்லாம் அப்படியே வாங்கிக்கொண்டு, சோற்றையும் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவன் எழுந்து நின்றான். ஏன் எழுந்தோம் என்று தெரியவில்லை, பள்ளிக்கூடத்து டீச்சர் கேட்டதால் இருக்கலாம்.

"ஓடிட்டிருந்துச்சுங்க. நல்லா ஓடுச்சு. நீங்களே கேட்டீங்க. அப்புறம் வெள்ளையாக்கறேன்னு மருந்துல போட்டேன். மேலோட்ட மட்டும் போட்டிருக்கோணும். கேசட்டையும் சேத்துப் போட்டுட்டேன். எல்லாம் ஒரே லாட்டா இருக்கோணும்னு... எங்க தொழில்ல அப்படித்தாங்க. இப்ப வர்றது ஆறு இல்ல. என்னமோ வருது. பொட்டி வெளுத்துருச்சு, ஆத்த நான் கெடுத்துட்டேன்."

சுப்பாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தரணியின் முகம் சிவந்து, கண் கலங்கி, பிறகு எதுவுமே தெரியாமல் அடங்கியது. அந்த முகத்தைப் பார்ப்பதைவிட குன்னத்தூர் மாமாவே தேவலை என்று மகுடேஸ்வரனுக்குத் தோன்றியது.

"போட்டுக் காட்டுங்க" என்றாள்.

"வேண்டாமுங்க, பாக்க முடியாது."

"நான் பாத்துக்கறேன். போடுங்க."

கூடத்து டிவியில் மாட்டிப் போட்டான். திரையில் வெளிறிப்போன ஆறு வந்தது. நீலம் போய், துணி அலசிய தண்ணீரின் நிறம். கரைகள் பட்டை பட்டையாக நறுக்குண்டு நகர்ந்தன. மரங்கள் நடு ஆற்றில் மிதந்தன. முதலைகள் பாதி பாதியாக, தலை ஓரிடம் வால் ஓரிடம் போயின. படகும் பாதிதான் இருந்தது. சத்தம் மட்டும் அதே சத்தம்.

தரணி தரையில் உட்கார்ந்து கைப்பிடியை எடுத்தாள். இரட்டைத் திட்டு வந்தது. ஒதுங்கினாள், ஆனால் திட்டு இருந்தது போல இல்லை, ஒரு துண்டு நேராகப் படகின் மேல் வந்தது. அவள் தோள் குறுகியது. படகு வெடிக்கவில்லை. நிலத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் தண்ணீரில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

"முட்டினாலும் சாகலீங்க" என்றான் மகுடேஸ்வரன் மெல்ல.

"ஆமாங்க."

கொஞ்ச நேரம் எல்லாரும் பார்த்தார்கள். பிறகு சோறு ஆறுகிறது என்று ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள். அவன் அவளுக்கு ஓர் ஆள் இடம் விட்டுத் தரையில் உட்கார்ந்தான். ஓட்டுக் கண்ணாடி வழியாக விழுந்த வெயில் சதுரம் அவர்கள் இருவருக்கும் நடுவில் நகர்ந்தது. கரைகள் கைகூப்பின, விலகின. பிறகு அந்த அகலமான இடம் வந்தது. போனில் கேட்டுக் கேட்டுப் பழகிய இடம். மரமில்லை, திட்டில்லை, வெளிறிய தண்ணீர் திரை முழுக்க. இருவரும் மூச்சு விடுகிற சத்தமும் படகின் சத்தமும்தான் இருந்தன. வெளியே எங்கோ பம்பை அடித்தார்கள். அது வெகு தூரத்தில், வேறொரு ஆற்றங்கரையில் கேட்பது போலிருந்தது.

பச்சைப் பட்டைகள் ஊதாவாயின. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஊதா கரைந்து இன்னொன்று வந்தது. மழைக்கு முந்தி மாம்பூ இருக்குமே, அதில் கொஞ்சம் சாம்பல் கலந்தால் எப்படியோ, அப்படி.

"இந்த நெறந்தாங்க. இங்கதான் கரண்ட் போச்சு."

மகுடேஸ்வரன் கரண்ட் போகக் கூடாது என்று தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டான். போகவில்லை. படகு அந்த நிறத்துக்குள் போனது. நெடுநேரம் போனது. நிறம் மெலிந்தது. ஒரு பாலம் வந்தது. அதைத் தாண்டி இரட்டைத் திட்டு வந்தது.

அவள் கைப்பிடியை மடியில் வைத்தாள். "மொதல்ல இருந்து வருதுங்க. சுத்தி வந்துட்டோம்."

"முடிவே இல்லீங்களா?"

"இருந்திருக்கலாம். நீங்க போட்ட மருந்துல அதுவும் போயிருக்கலாம். இல்ல, எப்பவுமே சுத்திட்டேதான் இருந்ததோ என்னமோ. இனி யாருக்கும் தெரியாதுங்க."

அவன் தலையைக் குனிந்தான்.

"கணக்குல எங்க பசங்க இப்படித்தான் பண்ணுவாங்க. வழியெல்லாம் சரியா எழுதுவாங்க, வெடை தப்பா வரும். பாதி மார்க்குப் போடுவேன்."

"பாதி மார்க்குல பாஸுங்களா?"

அவள் கைப்பிடியை அவனிடம் கொடுத்தாள். "ஓட்டிட்டிருங்க, வர்றேன்" என்று எழுந்து, சாப்பாட்டு அறைக்குப் போனாள். அவளுடைய குரல் அங்கிருந்து தெளிவாகவே கேட்டது.

"அப்பா, அந்த பெங்களூர்க்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்லிருங்க."

இலைகளின் மேல் நடமாடிய கைகள் நின்றன. "ஏங்கண்ணு, ஆடில என்ன இந்தப் பேச்சு?" என்றார் ஆத்தப்பன்.

"நல்ல பேச்சுத்தானுங்கப்பா ஆடில பேசக் கூடாது. வேண்டாங்கறதுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன?"

"அப்ப ஆவணில..."

"ஆவணிக்கு ஆவணில பேசிக்கலாமுங்க."

ஆத்தப்பன் திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். சுப்பாத்தாள் யாரையும் பார்க்கவில்லை. குனிந்துகொண்டு, "அந்த எலுமிச்சஞ் சோறு இன்னொரு கை வைங்க" என்றாள்.

கூடத்துத் தரையில் மகுடேஸ்வரன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். எதிரே வந்த திட்டுக்கெல்லாம் ஒதுங்கினான். ஒதுங்கத் தேவையில்லை என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் கவனமாக ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினான்.